செம்பில் ஒதுக்கிய பால்: பென்னாகரம் வட்டத்து நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் இரண்டு கலப்பினப் பசுக்களும் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலமும் வைத்துப் பிழைக்கும் விவசாயி. இது நடந்தபோது அவருக்கு வயது 52. நான் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். அவருடைய பிள்ளைகள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். பல ஆண்டுகளாகத் தேய்பிறை அஷ்டமிதோறும் நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில் அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்குப் போய்வருகிறோம். அவர் 21 மாதங்கள் பால் சங்கத்துக்குத் தண்ணீர் கலந்த பாலை ஊற்றினார். அதை நிறுத்திய பிறகு ஒருநாள், "இதை நீங்க எழுதணும் வாத்தியாரே, பேரும் ஊரும் மட்டும் வேண்டாம்" என்று அவரே கேட்டுக்கொண்டார். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் அவர் சொன்ன திருத்தத்தையும் செய்திருக்கிறேன்.

பாலில் தண்ணீர் கலப்பது யாருக்கும் புதிய செய்தி அன்று. இங்கே ஆராய வேண்டியது வேறு. அந்த 21 மாதங்களும் அவர் தம்மை ஏமாற்றுகிறவராக ஒருநாளும் நினைக்கவில்லை, ஏமாற்றப்பட்டவராகவே நினைத்தார். கோயிலுக்குப் போவதையும் விரதம் இருப்பதையும் முன்னைவிட அதிகமாகவே செய்தார். அவருடைய பக்திக்கும் அவருடைய பால் கேனுக்கும் நடுவில் எதுவும் இடிக்கவில்லை. அது ஏன் இடிக்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

அவருக்கு நடந்த அநியாயம்

முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அவருக்கு அநியாயம் நடந்தது உண்மை. 2020 ஏப்ரலில் ஊரடங்கு வந்து டீக்கடைகள் மூடிக் கிடந்தபோது, அதுவரை அவரிடம் பால் எடுத்த தனியார் வியாபாரி வருவதை நிறுத்திவிட்டார். வேறு வழியின்றி ஊர்ச் சங்கத்தில் ஊற்றத் தொடங்கினார். காலையில் 8 லிட்டர், மாலையில் 6 லிட்டர். முதல் வாரத்திலேயே அளவில் சந்தேகம் வந்தது. வீட்டில் எவர்சில்வர் லிட்டர் அளவையால் அளந்து பார்த்தால் 8 லிட்டர் 200 மில்லி இருக்கும். சங்கத்தில் அளவையின் விளிம்பைத் தாண்டி வழிய வழிய அளந்து 8 என்று எழுதுவார்கள். மாதிரிக்கு என்று எடுக்கும் பாலும் திரும்பி வராது.

அதைவிட அவரை வருத்தியது விலை. பாலின் கொழுப்பையும் இதர திடப்பொருளையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சோதித்து விலை போட வேண்டும் என்பது முறை. அந்தச் சங்கத்திலோ பாலை அளந்து சோதிக்கும் ஊழியரான டெஸ்டர், பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரைப் பெயருக்கு முக்கி எடுத்துவிட்டு, ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே அளவை எழுதிக்கொண்டிருந்தார். ஆகவே எல்லோருக்கும் லிட்டருக்கு 28 ரூபாய். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வாங்கிப் போட்டு, லாக்டோமீட்டரில் டிகிரி 28-க்குக் குறையாத பாலைக் கொண்டுவந்தவருக்கும் 28 ரூபாய். வரும் வழியிலேயே கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவருக்கும் 28 ரூபாய். யார் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதம் அவர் பொறுத்தார். அந்த ஆறு மாதமும் தம்மை மற்றவர்கள் 'ஏமாந்த ஆள்' என்று பேசிக்கொண்டதை அவர் இன்றும் மறக்கவில்லை.

2020 அக்டோபரில் ஒரு காலை, கேனை மூடுவதற்கு முன்னால் 200 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றினார். "அவன் எடுத்துக்கிட்டதைத்தான் நான் திருப்பி வெச்சேன்" என்றார் என்னிடம். 200 மில்லி என்பது தோராயமாக ஊற்றியது அன்று; அதே எவர்சில்வர் அளவையால் அளந்து ஊற்றியது. அளந்து ஊற்றியதில் அவருக்கு ஒரு மனநிறைவு இருந்தது. தாம் செய்வது திருட்டானால் அளவு எதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஏறிக்கொண்டே போன அளவு

நான்கு மாதம் 200 மில்லியோடு நின்றது. பிறகு 2021 பிப்ரவரி முதல் ஓராண்டுக்கு வேளைக்கு அரை லிட்டர். 2022 கோடையில் தீவனம் குறைந்து பசுக்கள் கறப்பதும் குறைந்தபோது வேளைக்கு ஒரு லிட்டர். ஒவ்வொரு படிக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, எந்தக் காரணமும் அவரைப் பற்றியதாக இல்லை. அரை லிட்டருக்குக் காரணம் பக்கத்துத் தெருக்காரர் அரை லிட்டர் ஊற்றுகிறார் என்பது. ஒரு லிட்டருக்குக் காரணம் சங்கத்தில் போனஸ் கொடுத்த கணக்கில் கோளாறு என்று ஊரில் பேசிக்கொண்டது. அந்தப் பேச்சு உண்மையா என்று அவர் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தேவையும் இல்லாமல் போய்விட்டது.

இந்த அளவுகளின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. டிகிரி 28, கொழுப்பு 4.0, இதர திடப்பொருள் 8.5 உள்ள 8 லிட்டர் பாலில் 200 மில்லி தண்ணீர் சேர்ந்தால் கொழுப்பு 3.9 ஆகும், திடப்பொருள் 8.3 ஆகும், டிகிரி 27-க்குச் சற்று மேலே நிற்கும். சோதித்தாலும் கோடைப் பால் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் 7 லிட்டரில் ஒரு லிட்டர் சேர்ந்தால் கொழுப்பு 3.5, திடப்பொருள் 7.4, டிகிரி 24.5. இதை மறைக்க அவருக்கு யாரோ ஒரு வழி சொன்னார்கள்: ஒரு கைப்பிடிச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினால் பாலின் அடர்த்தி கூடி லாக்டோமீட்டர் மேலே ஏறிவிடும். அதையும் அவர் செய்தார். முதல் நாள் 'அவன் எடுத்ததைத் திருப்பி வைத்தவர்', 18 மாதத்தில் சர்க்கரை கரைத்துக்கொண்டிருந்தார். சர்க்கரைக்கு மட்டும் தம்மால் காரணம் சொல்ல முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஊரில் வேறு யாரும் சர்க்கரை போட்டதாக அவருக்குத் தெரியாது.

இடையில், 2021 ஆகஸ்டில், டெஸ்டர் அறுவைச் சிகிச்சைக்காக ஆறு வாரம் விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வந்த இளைஞர் விளிம்பு வழியாமல் மட்டமாக அளந்தார். மாதிரிப் பாலின் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். காரணம் நீங்கிவிட்டது, தண்ணீரும் நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. "பழைய பாக்கி இருக்கில்ல" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டாராம். அதோடு இன்னொன்றையும் சொன்னார். இந்த ஆய்வில் மிக முக்கியமான வாக்குமூலமாக நான் கருதுவது அதைத்தான். அந்த இளைஞர் சரியாக அளந்தபோது அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒருவித எரிச்சல் வந்தது. ஆறு வாரம் கழித்துப் பழைய டெஸ்டர் திரும்பி வந்து, வழிய வழிய அளந்து 8 என்று எழுதிய அன்று, மனம் லேசானதுபோல் இருந்ததாம்.

அடுத்தவனுடைய குற்றம் தமக்குத் தேவைப்படும் இடத்துக்கு ஒரு மனிதர் வந்து சேர்ந்துவிட்டார். அவன் திருந்தினால் இவருக்கு நட்டம். தமக்கு அநியாயம் செய்கிறவன் தொடர்ந்து அநியாயம் செய்ய வேண்டும் என்று உள்ளூர விரும்பும் ஒருவர், அதே வாயால் நியாயம் வேண்டும் என்று கடவுளிடம் கேட்டால் அந்த வேண்டுதலுக்கு என்ன பொருள்? இந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை, என்னிடமே கேட்டுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுமனை வாங்கியபோது, கையூட்டுக் கேட்ட ஓர் அலுவலரைக் காரணம் காட்டி, கிரயப் பத்திரத்தில் கொடுத்த விலையைக் குறைத்து எழுதச் சம்மதித்தவன் நான். அந்த அலுவலர் கைசுத்தமானவராக இருந்திருந்தால் அன்று நான் ஏமாற்றம் அடைந்திருப்பேன் என்பதை இவர் சொன்ன பிறகுதான் கண்டுகொண்டேன்.

செம்பும் தொட்டியும்

அவருடைய வீட்டுத் தொழுவத்தை விவரிக்க வேண்டும். கறந்து முடிந்ததும் பாலை முதலில் ஒரு பித்தளைச் செம்பில் ஊற்றி, அடுப்படித் திண்ணையில் தட்டுப் போட்டு மூடி வைப்பார்கள். வீட்டுக்கான பால் அது. மீதி கேனுக்குப் போகும். அதன் பிறகுதான் தண்ணீர். இந்த வரிசை 21 மாதத்தில் ஒருநாள்கூட மாறியதில்லை. தண்ணீர் கலந்த பாலைத் தம் வீட்டில் யாரும் குடிக்கக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். 'ஊரே ஊற்றுகிறது, இதில் என்ன குற்றம்' என்று அவருடைய வாய் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், எது குற்றம் என்று அவருடைய கை சரியாகத் தெரிந்து வைத்திருந்தது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருப்பது எல்லோரும் அறிந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பல் முளைக்கும் பருவத்தில் அதிக ஃபுளோரைடு உள்ள நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் அழியாத பழுப்புக் கறை படியும். நெடுங்காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. இதற்காகவே ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. இவர் ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த தலைமுறை. வாய் திறந்து சிரிக்க மாட்டார். சிரித்தால் கை வாயை மூடும். அவர் வீட்டில் காவிரித் தண்ணீர் குடத்தில் பிடித்து அடுப்படியில் இருக்கும். அது குழாயில் வரும் நாளுக்குக் காத்திருந்து பிடிப்பது. கேனில் அவர் ஊற்றியதோ மாடு குடிக்கும் தொட்டிக்கு வரும் ஆழ்குழாய்த் தண்ணீர்.

இதை மிகைப்படுத்திவிடக் கூடாது. சங்கத்தின் மொத்தப் பாலில் அவருடைய அரை லிட்டர் கலந்த பிறகு அதிலுள்ள ஃபுளோரைடு மிகச் சிறிய அளவே. அதனால் ஒரு பிள்ளைக்கு நோய் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. நான் சொல்ல வருவது, தம் பற்களைத் தினமும் கண்ணாடியில் பார்க்கும் ஒரு மனிதருக்கு அந்தத் தண்ணீர் என்ன தண்ணீர் என்பது 21 மாதம் ஞாபகத்துக்கே வரவில்லை என்பதைத்தான். சங்கத்தில் காலையில் உள்ளூர் விற்பனையும் உண்டு. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் அரை லிட்டர், கால் லிட்டர் என்று பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போவார்கள். அவர்கள் வரிசையில் நிற்பதை அவர் நாள்தோறும் பார்த்தார். அவருடைய பகை டெஸ்டரோடு, கணக்குத் தீர்த்ததும் டெஸ்டரோடு. அந்தக் கணக்கில் இந்தப் பெண்கள் எங்கே வந்தார்கள்? டெஸ்டர் ஒரு சொட்டும் இழக்கவில்லை. சங்கத்துப் பாலின் தரம் குறைந்ததால் விலை குறைந்து நட்டப்பட்டவர்கள், ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு நாளுக்கு மூன்று லிட்டர் சுத்தமாக ஊற்றிவந்த ஒரு மூதாட்டியைப் போன்றவர்கள். தீங்கு செய்தவன் ஓரிடத்தில் நிற்க, கை வேறு இடத்தில் போய் விழுந்தது.

அடைபட்ட வாய்

அவர் முன்னே இருந்த நேர்வழிகள் எவை என்று பார்க்க வேண்டும். சங்கம் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவானது. அவர் அதில் உறுப்பினர். பொதுக்குழுவில் எழுந்து கேட்கலாம். தம் எதிரிலேயே மாதிரியைச் சோதிக்கச் சொல்லலாம். முத்திரையிட்ட அளவை வேண்டும் என்று கேட்கலாம். துணைப் பதிவாளர் (பால்வளம்) அலுவலகத்துக்கு எழுதலாம். இவற்றால் உடனே பலன் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அலைய வேண்டியிருக்கும், பகையும் வரும். ஆனாலும் தண்ணீர் ஊற்றாத அந்த முதல் ஆறு மாதத்தில் அவர் ஒரு மனு எழுதத் தொடங்கி, பாதியில் வைத்திருந்தார். அந்தத் தாளை எனக்குக் காட்டினார். அது மாட்டுக் கடன் பாஸ்புத்தகத்துக்குள் மடித்தபடி இருந்தது.

அக்டோபருக்குப் பிறகு அந்த மனுவை அவரால் தொட முடியவில்லை. சோதனை வேண்டும் என்று கேட்டால் முதலில் அவருடைய கேனைத்தான் சோதிப்பார்கள். டெஸ்டருக்கும் இது தெரிந்திருக்கிறது. தண்ணீர் இருப்பது தெரிந்தும் எதுவும் சொல்லாமல், அதே அளவை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ஊரில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் டெஸ்டருக்குக் காவல். அவரைக் கேள்வி கேட்கத் தகுதியோடு மிஞ்சியிருந்தது அந்த மூதாட்டியும் இன்னும் நாலைந்து பேரும்தான். அவர்கள் பேச்சு எடுபடாது. அநியாயத்தை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு அந்த அநியாயத்துக்கே அவர் காவல் நின்றார் என்பதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை அழுத்தி எழுதுங்க" என்றார். அவர் சொன்ன திருத்தங்களில் ஒன்று அது.

பைரவர் முன்னால்

அதியமான்கோட்டை தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் இருக்கிறது. அங்குள்ள பைரவரைத் தட்சிணகாசிக் காலபைரவர் என்பார்கள். தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணிக்காயைக் குடைந்து எண்ணெய் ஊற்றி விளக்கேற்றும் கூட்டம் பெருந்திரளாக இருக்கும். எதிரியால் வந்த துன்பம், கடன், வழக்கு என்று மனக்குறையோடு வருகிறவர்களே அதிகம். இவரும் விளக்கேற்றுவார். அந்த 21 மாதங்களில் தாம் என்ன வேண்டிக்கொண்டார் என்பதை அவர் மறைக்காமல் சொன்னார்: "அவனைக் கேளு சாமி." எல்லா அஷ்டமிக்கும் அதே வேண்டுதல். முன்பெல்லாம் மகளுடைய பிரசவம், மழை, தம் கோபம் என்று பலதும் சொல்லி வேண்டுவாராம். வேண்டுதலில் டெஸ்டர் வந்த பிறகு மற்றவை எல்லாம் உதிர்ந்துவிட்டன. சன்னதியில் நின்று கண்ணை மூடினால் சாமி முகம் வராது, பால் வழியும் அளவைதான் வரும் என்றார்.

ஆன்மிக ஆபத்து என்று நான் சொல்வது இதைத்தான். ஏமாற்றுகிறோம் என்று தெரிந்தே ஏமாற்றுகிறவன் சன்னதியில் கூசி நிற்பான். அந்தக் கூச்சத்தின் வழியாகவாவது ஒருநாள் உள்ளே ஏதேனும் நுழையும். அடுத்தவன் குற்றத்தைக் கவசமாகப் போட்டுக்கொண்டவனுக்குக் கூச்சமே வராது. அவன் கடவுளிடம் போவது வாதியாக. தன் வழக்கை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறான். அவன் எவ்வளவு அடிக்கடி போகிறானோ அவ்வளவுக்கு அவன் உறுதி கூடும். பக்தி அவனை மாற்ற வேண்டியதற்குப் பதிலாக அவனை மூடிவிடுகிறது.

பேருந்தில் திரும்பும்போது ஒருநாள் அவருக்கு நான் பைரவர் கதையைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்த கதைதான். அடியும் முடியும் தேடிய வழக்கில் முடியைக் கண்டதாகப் பிரமன் பொய் சொன்னான். தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. பைரவர் தோன்றிப் பிரமனுடைய ஐந்தாம் தலையைக் கொய்தார். தாழம்பூவைச் சிவபூசைக்கு நாம் வைப்பதில்லை. இதுவரை எல்லோரும் சொல்வோம். பிறகு நடந்ததை விரைந்து கடந்துவிடுவோம்: கொய்த தலை பைரவருடைய கையில் ஒட்டிக்கொண்டது. பொய் சொன்னவன் பிரமன் என்பதில் ஐயமில்லை. தண்டித்தவர் சிவனுடைய அம்சம் என்பதிலும் ஐயமில்லை. இருந்தும் கபாலம் கையை விடவில்லை, காசி வரைக்கும் அந்தக் கபாலத்தையே ஓடாக ஏந்திப் பிச்சையெடுத்து அலைந்தார். 'அவன் பொய் சொன்னான், அதனால்தான் செய்தேன்' என்று அவர் எங்கும் சொன்னதாகக் கதையில் இல்லை. தெய்வத்தின் திருவிளையாடலையும் நம் திருட்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எனினும் தம் எதிரியைத் தண்டிக்கச் சொல்லி அவர் யாரிடம் முறையிட்டாரோ அந்தத் தெய்வத்தின் கையிலேயே கபாலம் இருப்பதை அவர் கவனித்ததில்லை. "கையில இருக்கறது அதுதானா" என்று கேட்டார். அதன் பிறகு தருமபுரிப் பேருந்து நிலையம் வரும்வரை சன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அன்றைக்கும் அவர் தண்ணீரை நிறுத்திவிடவில்லை.

கற்பூரம்

2022 ஜூனில் ஒரு காலை, குளிரூட்டு நிலையத்தில் அந்தச் சங்கத்துப் பாலைத் தரம் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைய பால் முழுவதும் வீண். மாலையில் சங்கத்தின் முன்னால் சண்டை மூண்டது. உறுப்பினர்கள் டெஸ்டரைச் சொல்ல, டெஸ்டர் உறுப்பினர்களைச் சொன்னார். பெரியவர்கள் சிலர் மாரியம்மன் கோயில் வாசலுக்கு எல்லோரையும் கூட்டிப் போனார்கள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறவன் வெளியே போகலாம், மற்றவன் பதில் சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

முதலில் டெஸ்டர். தட்டில் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்து, தாம் யாரிடமும் பாலைக் கூடுதலாக அளந்து எடுத்ததில்லை என்று சத்தியம் செய்தார். இவருக்கு இரத்தம் கொதித்தது. தம் முறை வந்ததும் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை இவர் ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தார்: "இவன் எடுத்ததுக்கு மேல நான் ஒரு சொட்டும் ஊத்தல." அது கணக்குப்படியே பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். புதுக் கற்பூரம் ஏற்றப்பட்டது. பெரியவர் ஒருவர், "அவன் பேச்சு வேண்டாம்ப்பா, உன்னைப் பத்தி மட்டும் சொல்லு" என்றார்.

தம்மைப் பற்றி மட்டும் ஒரு வாக்கியம் சொல்ல முயன்றார். வரவில்லை. 'இவன்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் அவருடைய வாக்கியத்தில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்ல முடியவில்லை. கையை நீட்டியபடி நின்றார். கற்பூரம் தானாகவே எரிந்து அடங்கிற்று. தட்டில் கரி மட்டும் இருந்தது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். ஊர் அதற்குத் தன் முடிவை எழுதிக்கொண்டது. டெஸ்டர் உத்தமர், இவர் திருடர்.

அன்று மாலை முதல் அவர் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனால் அது மனம் மாறியதால் அன்று என்பதையும் எழுதச் சொன்னார். பொய்ச்சத்தியம் செய்த டெஸ்டருக்கு ஏதாவது நேரும் என்று பத்து நாள் காத்திருந்திருக்கிறார். காலையில் எழுந்ததும் அந்தத் தெருப் பக்கம் காது கொடுப்பாராம். எதுவும் நடக்கவில்லை, டெஸ்டருடைய மகளுக்கு நல்ல இடத்தில் நிச்சயதார்த்தமும் ஆனது. அம்மன்மீதே கோபம் வந்தது. அந்த வாரம் அஷ்டமிக்கு வர மாட்டேன் என்றார். பிறகு கடைசி நேரத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார். ஓர் ஆளுக்குக் கேடு வரவில்லை என்று சாமியிடம் கோபித்துக்கொள்ளும் அளவுக்குத் தாம் போய்விட்டது அன்று பேருந்தில் ஏறும்போதுதான் உறைத்தது என்றார். என்னிடம் எல்லாவற்றையும் சொன்னது அன்றுதான். அதியமான்கோட்டையில் இறங்கும் இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டோம்.

மறுப்புகள் குறித்து

இதைக் கேட்ட நண்பர்கள் சிலர் என்னிடம் கடிந்துகொண்டார்கள். கோடிகளில் சுருட்டுகிறவர்களை விட்டுவிட்டு, இரண்டு மாடு வைத்திருப்பவனுடைய அரை லிட்டர் தண்ணீரை ஆராய்வது என்ன நியாயம் என்றார்கள். அவர்கள் கோபத்தை மதிக்கிறேன். நேர்மையை ஏழைக்கு மட்டும் போதிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த வழக்கத்துக்கு இந்த ஆய்வு துணைபோகக் கூடாது. டெஸ்டருடைய குற்றம் இவருடைய குற்றத்தைவிடப் பெரியது. அளக்கிறவனை நம்பித்தான் ஊரே வரிசையில் நிற்கிறது. ஆனால் அந்த ஒப்பீடுதான் இவரை 21 மாதம் கட்டிவைத்த கயிறு. யாருடைய குற்றம் பெரியது என்று கேட்கத் தொடங்கினால் எப்போதும் நம்மைவிடப் பெரியவன் ஒருவன் கிடைப்பான். டெஸ்டருக்கும் ஒருவர் கிடைத்திருப்பார். அவரைக் கேட்டால் செயலாளரைச் சொல்வார், செயலாளர் மேலிடத்தைச் சொல்வார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

'ஊரோடு ஒத்து வாழ்' என்றும் ஒருவர் சொன்னார். நல்லது கெட்டதுக்கு ஊரோடு நிற்கச் சொன்ன பழமொழி அது. வரிசையில் நிற்கும் பெண்ணுடைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்ற அதை அழைத்து வருவது முறையா என்று அவரையே கேட்டேன்.

பாக்கி

செப்டம்பரில் நடந்த பொதுக்குழுவில் அவர் எழுந்து, தாம் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை, வேளைக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினார் என்பதைச் சொன்னார். டெஸ்டரைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் இல்லை. உட்கார்ந்துவிட்டு, மற்ற இருவர் பேசி முடித்த பிறகு மறுபடி எழுந்து, அளவைக்கு முத்திரை இருக்கிறதா என்று தனியாகக் கேட்டார். இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் கூடாது என்பது அவருடைய முடிவு. நான் சொல்லிக்கொடுத்தது அன்று. பாஸ்புத்தகத்துக்குள் இருந்த மனுவையும் எழுதி முடித்துத் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பினார். அளவை மாறிவிட்டது, இப்போது எடைத் தராசில் நிறுத்துப் போடுகிறார்கள். விலை மட்டும் இன்னும் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுபோலவே இருக்கிறது. அவர் பால் டிகிரி 28-க்குக் குறைவதில்லை, வாங்குவது பக்கத்தில் நிற்பவர் வாங்குவதையே. அந்த மூதாட்டி அவரோடு இதுவரை பேசவில்லை.

தண்ணீருக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கணக்குப் போட்டார். முதல் நான்கு மாதத்துக்கு நாளுக்கு 400 மில்லி வீதம் 48 லிட்டர், அடுத்த ஓராண்டுக்கு நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் 360, கடைசி ஐந்து மாதத்துக்கு 300. மொத்தம் 708 லிட்டர். 28 ரூபாய் வீதம் 19,824 ரூபாய். ஒரு கன்றுக்குட்டியை விற்றுப் பணத்தைச் சங்கத்துக்குக் கொண்டுபோனார். செயலாளர் வாங்க மறுத்தார். எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நன்கொடை என்று எழுதிக்கொள்ளலாமே, ஊரில் பெயரும் கிடைக்கும் என்றார்.

"நன்கொடைன்னு போட்டா அதுவும் தண்ணிதான்" என்று இவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று முறை அலைந்தார். கடைசியில் 'இதர வரவு' என்று எழுதி ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதை அவர் என்னிடம் காட்டியபோது, அந்த இரண்டு சொற்களுக்குக் கீழே பென்சிலால் 'பால் பாக்கி' என்று தம் கையால் எழுதி வைத்திருந்தார்.